எதுவாயினும் சரி

சங்ககிரி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு டயர் கடை. அதை ஒட்டி மேலே ஏறும் குறுகலான படிக்கட்டின் முடிவில் ஒரு திருமணத் தகவல் மையம். அங்கே இருபத்தொரு வருடமாக உட்கார்ந்து ஜாதகம் பதிகிறவள் ரஞ்சிதா. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. புதிதாகப் படியேறி வருகிறவர்கள் முதலில் அவள் கழுத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் சுவரில் மாட்டியிருக்கும் ஜோடிப் படங்களைப் பார்ப்பார்கள். அப்புறம் மறுபடியும் அவள் கழுத்தைப் பார்ப்பார்கள். "டீக்கடைக்காரரு டீ குடிச்சே ஆகோணும்னு சட்டமுங்களா?" என்று அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பழக்கத்துக்கு வர அவளுக்குப் பத்து வருடம் பிடித்தது.

அவளுடைய அப்பா லாரி டிரைவர். மகள் தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியதும், முதலாளி வீட்டம்மா முத்தாயம்மாள் முந்தைய வருடம் ஆரம்பித்திருந்த இந்த மையத்தில் கொண்டுவந்து வேலைக்குச் சேர்த்தார். சேர்த்த கையோடு அவளையும் அங்கே பதிந்துவிட்டுப் போனார். பதிவு எண் 212. மாப்பிள்ளை டிகிரி படித்திருக்க வேண்டும், கவர்ன்மெண்ட் உத்தியோகம் வேண்டும், சொந்த வீடு வேண்டும், சங்ககிரியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நோட்டில் இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது அதையும் அவளே தட்டினாள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நிபந்தனைகள் மட்டும் அப்படியே இருந்தன. 212-ஐத் திறந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. படிப்பு, வேலை, ஊர், வயது, சொந்த வீடு, முதல் மணமா மறுமணமா என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியாக ஒரு வரி: ‘எதுவாயினும் சரி’. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் வருகிற அம்மா அந்த வரியைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டாள். மாப்பிள்ளையின் உயரத்தைக்கூட அங்குலக் கணக்கில் சொல்வாள். இருபத்தாறில் வரும்போது ஊர் எதுவாயினும் சரி ஆகும். இருபத்தெட்டில் வேலை. முப்பது நெருங்கினால் மறுமணக் கட்டத்துக்கு வந்து நின்று, கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டு, "அதையும் போட்டுரு சாமி" என்பாள். இந்தச் சுற்றுவட்டாரத்து அம்மாக்களின் வைராக்கியம் எந்த வயதில் எவ்வளவு இறங்கும் என்பது ரஞ்சிதாவுக்கு மனப்பாடம்.

போன ஆவணியில் அந்தக் கம்ப்யூட்டர் நொண்ட ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கில் ஜாதகம், ஒவ்வொன்றுக்கும் போட்டோ. ஒரு பட்டியல் எடுப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த குழந்தைவேலுவைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு, மெமரி போதவில்லை, இருப்பதோடு இன்னொன்று சேர்த்துப் போட்டால் ஓடும் என்றார். மறுநாள் அதைக் கொண்டுவந்தார். விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை, ஒரு ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள்.

"இங்க குடுங்க," என்று முத்தாயம்மாள் கையை நீட்டினார். வீட்டுக்காரர் இருந்தவரை நாலு லாரி ஓட்டிய குடும்பம். அந்தம்மாவைப் பொறுத்தவரை மிசின் என்றால் லாரிதான், பாக்கி எல்லாம் அதன் குட்டிகள். ரஞ்சிதா தாம்பாளத்தைப் பிடித்துக்கொள்ள, சந்தனத்தைக் குழைத்து அட்டையின் இரண்டு கோடியிலும் நடுவிலும் வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் வைத்தார்.

"அம்மா அம்மா! அதுல ஈரம் படக்கூடாதுங்கம்மா," என்று குழந்தைவேலு பதறினார்.

"புது டயரு போட்டாலும் பொட்டு வெக்காம எங்கூட்டு வண்டி ரோட்டுல எறங்குனதில்லீங்க. இதென்ன பெரிய இது?" என்று சொல்லிவிட்டு முத்தாயம்மாள் சூடமும் காட்டினார்.

குழந்தைவேலு அதை வாங்கித் தன் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்கும்போது முத்தாயம்மாள் பார்த்துக்கொண்டே இருந்ததால் அரைகுறையாகத் துடைத்தார். உள்ளே பொருத்தி மூடியைத் திருகினார். கம்ப்யூட்டர் பறந்தது. "பாத்தீங்களா?" என்றார் முத்தாயம்மாள், தான்தான் அதைப் பறக்க விட்ட மாதிரி.

மூன்றாம் நாள் அத்தாயி வந்தாள்.

அவளைப் பார்த்ததுமே ரஞ்சிதா தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டைத் துடைத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தாயியின் மகள் நிலாவுக்குப் பூபதி என்கிற லேத் பட்டறைக்காரரைப் பொருத்திக் கொடுத்தது ரஞ்சிதா. பத்துக்கு ஒன்பது பொருத்தம். அப்படி அமைவது அபூர்வம் என்று தானே வாய்விட்டுச் சொல்லி, இரண்டு வீட்டுக்கும் போன் போட்டவள் அவள். நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, பைபாஸில் பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரியில் பூபதியின் பைக் மோதியது. துக்கம் கேட்க ரஞ்சிதா போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை.

பூபதியின் பதிவு இன்னும் கம்ப்யூட்டரில் இருந்தது. எண் 1847. ஒரு பதிவை முடிக்க வேண்டுமென்றால் புரோகிராமில் இரண்டே வழி: ‘திருமணம் முடிந்தது’, ‘விலகிக்கொண்டார்’. இரண்டில் எதைப் போட்டாலும் பொய். அதனால் அவள் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டாள். அவர் நீலச் சட்டையோடு வரன் தேடிக்கொண்டே இருந்தார்.

"புள்ளைக்கு இருவத்தொம்பது ஆயிருச்சு சாமி," என்றாள் அத்தாயி. "கோழித்தீவன மில்லுல, லேப்ல வேலைக்குப் போயிட்டு இருக்குறா. பேச்சே கொறஞ்சு போச்சு. மறுக்கா பதிஞ்சுருங்க."

"படிப்புங்க?"

"எதுவா இருந்தாலும் சரீங்க."

"வேலை?"

"எதுவா இருந்தாலும் சரி."

எல்லாக் கட்டத்துக்கும் அதே பதில். ரஞ்சிதா கேட்பதை நிறுத்திவிட்டு அவளே எல்லாவற்றிலும் ‘எதுவாயினும் சரி’ போட்டாள். பட்டியலை எடுத்து வைப்பதாகவும் இரண்டு நாள் கழித்து வரும்படியும் சொல்லி அத்தாயியை அனுப்பினாள். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு வேலை ஓடாது.

அடுத்த நாற்காலியில் குப்பாயி காத்திருந்தாள். மகுடஞ்சாவடிக்காரி, தன் மகன் இனியனுக்குப் பெண் பார்க்க வந்தவள். நல்ல மனுஷிதான். திரையில் தெரிந்த நிலாவின் போட்டோவை எட்டிப் பார்த்து, "புள்ள லட்சணமா இருக்குதே, ஆரு இது?" என்று ஆசையாகக் கேட்டாள். நடந்ததை ரஞ்சிதா சொன்னாள். "அட பாவமே," என்றாள் குப்பாயி. "அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்? எம்பையனுக்குப் பொருந்துதான்னு பாரு சாமி. வெள்ளிக்கெழம ஊட்டுல கலந்துட்டுச் சொல்றேன்." அந்த நிமிடம் ரஞ்சிதாவுக்கு நெஞ்சில் மூன்று வருடமாக இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்தது போல இருந்தது.

நிலாவின் பெயரைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னாள். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓடின. ஆயிரம் தாண்டியது, ஆயிரத்து எண்ணூறு தாண்டியது, திடீரென்று திரை முழுக்க நீலமானது. நீலத்தின் நடுவில் வாய் கவிழ்ந்த ஒரு முகம். அதற்குக் கீழே இங்கிலீஷில் என்னவோ. பிறகு கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து தானாகவே எழுந்தது.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் நீலம், மறுபடியும் அந்த அழுமூஞ்சி. மூன்றாம் தடவை, நீலம் வருவதற்கு முன்னால் ஓடிய கடைசிப் பெயரைக் கண்ணால் பிடித்தாள். பூபதி. 1847.

அவள் கை கீபோர்டிலிருந்து தானாக விலகியது.

"ஏஞ்சாமி, இந்தப் புள்ளைக்குப் போட்டா மட்டும் அமந்து போவுது?" என்று குப்பாயி கேட்டாள். காலையிலிருந்து அவளுக்கு முன்னால் நாலு பேருக்குப் பட்டியல் எடுத்ததை அவள் பார்த்திருந்தாள்.

இந்த இடத்தில் ரஞ்சிதா, ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம், கரண்ட் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபத்தொரு வருடத்தில் ஆயிரம் வீட்டு ரகசியத்தை மென்று முழுங்கியவள் அவள். ஆனால் பயம் வாயைப் பிடுங்கியது. "ஆமாங்க. இந்தப் புள்ளைக்கு மட்டுந்தாங்க இப்பிடி. பூபதி பேருக்கிட்ட வந்து நின்னு போவுதுங்க."

குப்பாயி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த ஒரு வாக்கியம் சங்ககிரியில் பஸ் ஏறியது. மகுடஞ்சாவடிக்கு ஒரு பஸ், ஆட்டையாம்பட்டிக்கு இன்னொரு பஸ். செத்தவன் நீலச் சட்டையோடு கம்ப்யூட்டரில் வந்து அழுதான் என்று ஆட்டையாம்பட்டியில் பேச்சு. பெண்ணின் போட்டோவை அவன் கையால் மறைத்தான் என்று இன்னொரு பேச்சு. மூன்றாம் நாள் அத்தாயி படியேறி வந்தபோது பட்டியலைக் கேட்கவில்லை.

"என்ற புள்ள பேர அதுல இருந்து எடுத்துருங்க சாமி," என்றாள். "அவன் வுட மாட்டேங்கறான். எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. கோயில்ல கேட்டுட்டு வந்துட்டனுங்க, ஒரு வருசம் பேச்சே எடுக்காதீங்கன்னுட்டாங்க." சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பது போல.

யார் இதைச் சொன்னது என்று அத்தாயி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ரஞ்சிதா, "ஒரு வாரம் பொறுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. தன் வாயால் போனதைத் தன் கையால்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்தது. குப்பாயி வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தாள். அன்று திங்கள். ஆனால் உண்மையிலேயே பூபதிதான் என்றால்? ஒன்பது பொருத்தம் என்று சொன்னவள் மேல் அவருக்குக் கோபம் இருக்காதா? திரையில் ஏதாவது பெயர் ஓடினாலே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முத்தாயம்மாளோ கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்.

குழந்தைவேலு செவ்வாய்க்கிழமை வந்தார். அரை மணி நேரம் எதை எதையோ திறந்து மூடினார், இரண்டு பெண்களுக்குப் பட்டியல் எடுத்துப் பார்த்தார், ஜம்மென்று ஓடியது. நிலாவுக்குப் போடும்படி ரஞ்சிதா சொன்னாள். போட்டார். நீலம். அவர் முகம் மாறியது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தானே, அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. "அந்த ஃபைல்ல என்னமோ கோளாறுங்க. அழிச்சுட்டுப் புதுசா அடிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். நீலம்.

புதன்கிழமை காலையில் முத்தாயம்மாள் வருவதற்கு முன்பே போய்க் கதவைத் திறந்தாள். யோசித்து யோசித்து அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியிருந்தது. கோளாறு நிலாவிடமா, கம்ப்யூட்டரிடமா என்று தெரிய வேண்டுமானால் நிலாவுக்குப் போட்டதை ஒவ்வொன்றாக இன்னொரு பெண்ணுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். யார் வீட்டுப் பெண்ணை வைத்துப் பார்ப்பது? நின்றுவிட்டால் அந்தப் பெண் பெயரும் அல்லவா கெடும். கெடுவதற்கு ஒன்றும் இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

212-ஐத் திறந்தாள். இருபத்திரண்டு வயது ரஞ்சிதா இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போட்டோவில் இருந்தாள். பக்கத்தில் அப்பாவின் நிபந்தனைகள்.

அப்படியே தேடச் சொன்னாள். ஒரு நொடி. ‘பொருத்தமான வரன்கள்: 0’. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பக்கத்தில் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். கவர்ன்மெண்ட் உத்தியோகத்தை எடுத்தாள். ஆறு பேர் வந்தார்கள், நிற்கவில்லை. டிகிரியை எடுத்தாள். நாற்பது பேர். சொந்த வீட்டை எடுக்கும்போது அப்பா குரல் காதில் கேட்டது: "வாடக ஊட்டுக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்." எடுத்தாள். இருபது கிலோமீட்டரை எடுத்தாள். முந்நூறு பேர். வயதுக் கட்டத்துக்கு வந்து கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதையும் எடுத்தாள். கடைசியில் மறுமணக் கட்டம் மட்டும் பாக்கி. தன் முன்னால் மூக்கைத் துடைத்துக்கொண்ட அத்தனை அம்மாக்களும் அந்த நிமிடம் அவளுக்கு ஞாபகம் வந்தார்கள். தனக்காக அப்படி மூக்கைத் துடைக்க ஆள் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. எதுவாயினும் சரி.

தேடச் சொன்னாள். பெயர்கள் ஓடின. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து எண்ணூறு. நீலம்.

அழுமூஞ்சி அவளையே பார்த்தது. நிலாவை விட்டுவிட்டுப் பூபதி தன்னிடம் வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். இருந்தாலும் ஓடியவற்றில் கடைசி எண்ணைக் காகிதத்தில் குறித்தாள்: 1843. மறுபடியும் போட்டாள்: 1852. மறுபடியும்: 1849. ஆறு தடவை போட்டாள். ஆறில் ஒன்றுகூட 1847 இல்லை. எல்லாம் அதன் அக்கம்பக்கம்.

காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்குக் குப்பாயி முன்னால் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை மட்டும்தான் கடைசிப் பெயரைப் பார்த்தாள். பார்த்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு எல்லாத் தடவையும் பூபதியிடம் நின்றதாகச் சொன்னது அவள்தான். பூபதி ஒன்றும் வரவில்லை. அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தியது அவள் பயம்.

குழந்தைவேலுவுக்குப் போன் போட்டாள். எண்களைப் படித்துக் காட்டினாள். நிபந்தனை இருந்தால் நிற்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்தால்தான் நிற்கிறது என்றாள். இரண்டாயிரம் பேர் போட்டோவோடு ஒரே நேரத்தில் திறக்கிறார்கள் என்றால் பழைய மெமரி நிறைந்து புதியதற்குப் போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார். "நாலு பேரு ஏறுனா முன்சீட்டோட போயிரும். பஸ்ஸு ரொம்புனாத்தான பின்சீட்டு ஒடஞ்சது தெரியும்? அந்தப் புதுசக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க."

கீழே டயர் கடையில் ஸ்குரூ டிரைவர் வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியை அவள் இதுவரை திறந்ததில்லை. குழந்தைவேலு போனிலேயே சொல்லச் சொல்ல, இரண்டு ஓரத்துக் கொண்டிகளையும் அழுத்திப் பச்சை அட்டையை வெளியே எடுத்தாள். அது இல்லாமல் தேடச் சொன்னாள். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. நொண்டி நொண்டி ஓடியது, ஆனால் நிற்காமல் கடைசிப் பெயர் வரை போய்ச் சேர்ந்தது. ரஞ்சிதாவுக்குப் பொருத்தமான வரன்கள் இரண்டாயிரத்துப் பதினான்கு என்று காட்டியது. அவள் அதைப் படிக்காமல் மூடினாள்.

பிறகு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தங்கப் பற்களின் நடுவில், நாலைந்து பற்களை மூடிக்கொண்டு, காய்ந்து போன சந்தனம். அதன்மேல் ஒரு துளி சிவப்பு.

அவள் தாம்பாளம் பிடித்த பூஜை அது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்துக் கடையில் பென்சில் அழிக்கும் ரப்பர் வாங்கி வந்து, குழந்தைவேலு சொன்னபடி பற்களைத் தேய்த்தாள். ரப்பர் துகள் முதலில் இளஞ்சிவப்பாக வந்தது, பிறகு வெள்ளையாக வந்தது. அட்டையை மறுபடியும் பொருத்தினாள். நிலாவின் பெயரைப் போட்டாள். ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. மறுபடியும் போட்டாள். பத்துத் தடவை போட்டாள். நீலம் வரவே இல்லை.

வியாழக்கிழமை மகுடஞ்சாவடி போனாள். குப்பாயி மோர் கொடுத்து உட்கார வைத்தாள். ரஞ்சிதா ஒன்று விடாமல் சொன்னாள். எண்களைக் குறித்த காகிதத்தைக் காட்டினாள். சிவப்பாக இருந்த ரப்பரைக்கூடக் காட்டினாள். "நாந்தானுங்க தெரியாம சொல்லிட்டேன். ஈரச் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்ததுங்க, வேற ஒண்ணுமே இல்லீங்க. அந்தப் புள்ள மேல ஒரு கொறையும் இல்லீங்க."

குப்பாயி காகிதத்தைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது.

"குங்குமத்தாலயா நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அந்தப் புள்ளைக்குப் போடறப்ப, குங்குமம் வந்து தடுத்திருக்குது." குப்பாயி ரப்பரை விரல் நுனியால் அவள் பக்கமே தள்ளினாள். "இது அதவிட ஆகாதே சாமி. எனக்கு இருக்கறது ஒரே பையன். இனிமேப்பட்டு இதப்பத்திப் பேச வேண்டாம். மோரக் குடி."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரஞ்சிதா அழுதாள். ஒரு வாக்கியத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வரப் போனவள், அதற்கு இன்னொரு வாக்கியத்தைத் துணைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். ரஞ்சிதாவின் கழுத்தைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. நேராக வந்து கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்தாள். போட்டோவில் இருந்ததைவிட இளைத்திருந்தாள்.

"நான் நிலாங்க. என்ற பேரப் போட்டா நின்னு போகுதுன்னாங்க. நின்னாப் பாக்கலாம்னு வந்தேன்."

"இப்ப நிக்காதுங்க," என்றாள் ரஞ்சிதா. சின்னப் பெண்தான், இருந்தாலும் ‘ங்க’ தானாக வந்தது. பிறகு குப்பாயியிடம் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னாள். ஒன்பது பொருத்தம் சொன்னதில் ஆரம்பித்து, துக்கத்துக்கு வராததைச் சொல்லி, ஊரில் அலையும் பேச்சு தன் வாயிலிருந்துதான் கிளம்பியது என்பது வரை சொன்னாள். நிலா குறுக்கே பேசாமல் கேட்டாள். லேபில் வேலை பார்க்கிறவள், எண்கள் எழுதிய காகிதத்தை மட்டும் வாங்கிக் கவனமாகப் படித்தாள்.

"பேச்ச இனிமே யாராலயும் அழிக்க முடியாதுங்க," என்றாள் கடைசியில். "உங்க மேல எனக்குக் கோவமாத்தான் இருக்குது. இருக்கட்டும். எல்லாக் கட்டத்துலயும் எதுவா இருந்தாலும் சரின்னு ஆரு சொன்னது?"

"அம்மா சொன்னாங்க."

"நான் சொல்லலைங்க. எடுத்துருங்க. நான் சொல்றதப் போடுங்க."

ரஞ்சிதா ஒவ்வொரு கட்டமாகத் திறந்தாள். படிப்பு முக்கியமில்லை, கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும். குடிக்கக் கூடாது. நான் வேலையை விட மாட்டேன். இந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சொல்லச் சொல்ல ரஞ்சிதா தட்டினாள். இருபத்தொரு வருடத்தில் ஒரு பெண் தானே வந்து உட்கார்ந்து நிபந்தனை சொல்வதை அவள் இரண்டு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். ஒரு நிபந்தனை கூடும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஆட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

"இன்னொண்ணு. இதுக்குக் கட்டம் இருக்குதான்னு தெரியலைங்க." நிலா சாப்பாட்டுப் பையின் வாரைச் சுற்றிச் சுற்றிக் கையில் முறுக்கினாள். "பூபதிங்கற பேர நான் சொன்னா, மூஞ்சி மாறாத ஆளா இருக்கோணும்."

அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் ‘குறிப்பு’ என்று இருந்த காலி இடத்தில் ரஞ்சிதா அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தட்டினாள். தட்டி முடித்துவிட்டுத் தேடச் சொன்னாள்.

நாற்பத்தேழு பேர்தான். பெயர்கள் போட்டோவோடு மெதுவாக நகர்ந்தன. பதிவு எண் 900, 1120, 1508. ஆயிரத்து எண்ணூறு வந்தபோது இரண்டு பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கைத்தொழில், குடி இல்லை, இந்தப் பக்கத்து ஆள். நிபந்தனை கூடக் கூட எத்தனையோ பேர் விலகிப் போயிருந்தார்கள், அவர் விலகவில்லை. 1847, பூபதி, நீலச் சட்டை. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

ரஞ்சிதா பிடித்திருந்த மூச்சை விட்டாள். சரியாகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க," என்றாள் நிலா. ஓடிப்போன நீலச் சட்டை இருந்த இடத்தை விரலால் காட்டினாள். "அங்க ஒருக்கா நிறுத்துங்களேன்."

ரஞ்சிதா தேடலை நிறுத்திவிட்டு 1847-ஐத் திறந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவைச் சாத்தப் போனாள்.